பரணில் கிடந்த கேமராவும் தை அமாவாசை வானமும்

வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் இந்தப் பகுதியில் ஒரு படம் போட்டிருந்தேன். ராமமூர்த்தி நகரில் என் வீட்டு மொட்டை மாடி, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, அதற்கு மேலே வேட்டைக்காரன் (ஓரியன்) நட்சத்திரக் கூட்டம். பழைய கேமரா, கேமராவோடு வந்த சாதாரண லென்ஸ் என்று படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதம். பெரும்பாலும் பெங்களூர்த் தமிழர்கள், பெரும்பாலும் ஒரு காலத்தில் படம் எடுத்துவிட்டு நிறுத்தியவர்கள். அதனால் இந்த மாதம் முழுக்க இரவு வானம்தான்.

ஐயா, எனக்கு 58 வயது. கல்யாணத்துக்கு முன்பு யாஷிகா ஃபிலிம் கேமராவில் நிறைய எடுத்திருக்கிறேன். அப்புறம் ஷிஃப்ட், பிள்ளைகள் படிப்பு என்று எல்லாம் நின்றுபோனது. இப்போது மகள் பரணில் கிடந்த தன் நிக்கான் டி3100 கேமராவை எடுத்துக் கொடுத்திருக்கிறாள், 18-55 லென்ஸோடு. இரவு வானம் எடுக்க ரொம்ப நாளாக ஆசை. இதில் வருமா, புதிது வாங்க வேண்டுமா?
*ஓய்வுபெறப்போகும் தொழிற்சாலை ஊழியர், ஜாலஹள்ளி*

வரும். புதிது வேண்டாம். குறைந்தது ஒரு வருடத்துக்காவது அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

டி3100 வெளிவந்தது 2010இல். 14 மெகாபிக்சல். இன்றைய கேமராக்களோடு வைத்துப் பார்த்தால் இருட்டில் புள்ளி புள்ளியாக இரைச்சல் அதிகம் வரும், உண்மைதான். ஆனால் உங்கள் யாஷிகாவோடு வைத்துப் பாருங்கள். 400 ஏஎஸ்ஏ ஃபிலிமைப் போட்டு ஷட்டரை நிமிடக்கணக்கில் திறந்துவைத்தால், நேரம் ஆக ஆக ஃபிலிமின் உணர்திறன் குறைந்துகொண்டே போகும். எவ்வளவு கூடுதலாகத் திறக்க வேண்டும் என்று அட்டவணை பார்த்துக் கணக்குப் போட்டோம். படம் வந்ததா இல்லையா என்பது லேபிலிருந்து பிரிண்ட் வந்த பிறகுதான் தெரியும். இப்போது 15 விநாடி திறக்கிறீர்கள், அடுத்த விநாடி திரையில் பார்க்கிறீர்கள். இந்த ஒரு வசதியே போதும், கற்றுக்கொண்டுவிடலாம்.

முதலில் கேமராவைச் சோதியுங்கள். பேட்டரி பல வருடம் கிடந்திருந்தால் உப்பியிருக்கலாம். உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல் புதிது வாங்கிவிடுங்கள். அடுத்து லென்ஸ். டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். கண்ணாடிக்கு உள்ளே சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் படத்தில் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால் சர்வீசுக்குக் கொடுங்கள். தோல் உறையில் மட்டும் திரும்ப வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அவ்வளவுதான். அரிசிப் பானைக்குள் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வேண்டாம், அரிசித் தூசி லென்ஸ் வளையத்துக்குள் போய்விடும்.

இனி முதல் படம். டிசம்பர் முதல் மார்ச் வரை எந்த மாலையாக இருந்தாலும் வேட்டைக்காரன் கூட்டத்தை எடுங்கள். பெங்களூரில் அது ஏறக்குறைய தலைக்கு மேலேயே கடக்கும், அதனால் கட்டடங்கள் மறைக்காது. நடுவில் வரிசையாக மூன்று நட்சத்திரம், மேல் தோளில் சிவப்பாகத் திருவாதிரை. ஜாலஹள்ளி வெளிச்சத்திலும் கண்ணுக்குத் தெரியும்.

கேமரா டிரைபாடில். லென்ஸ் 18 மி.மீ., அபெர்ச்சர் எஃப் 3.5, அதாவது எவ்வளவு திறக்குமோ அவ்வளவு. ஐஎஸ்ஓ, அதாவது ஃபிலிமின் ஏஎஸ்ஏ போன்ற உணர்திறன் எண், 800இல் தொடங்குங்கள், நகரத்துக்கு வெளியே போனால் 1600, 3200. ஷட்டர் 15 விநாடி. ஏன் 15? பூமி சுற்றுவதால் வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. அதிக நேரம் திறந்தால் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் கோடாக இழுபடும். 500ஐ லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால் எத்தனை விநாடி தாங்கும் என்பது வரும் என்பார்கள். உங்கள் கேமராவின் சென்சார் சிறியது என்பதால் 18ஐ 1.5ஆல் பெருக்கி 27 என்று எடுக்க வேண்டும். 500ஐ 27ஆல் வகுத்தால் 18 விநாடி சொச்சம். அது கொஞ்சம் தாராளமான கணக்கு, அதனால்தான் 15 என்கிறேன். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுங்கள். லென்ஸில் கை நடுக்கத்தைச் சமாளிக்க விஆர் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், டிரைபாடில் இருக்கும்போது அதை அணைத்துவிடுங்கள். ஷட்டரைக் கையால் அமுக்கினால் கேமரா ஆடும், செல்ஃப் டைமர் போடுங்கள்.

இதெல்லாம் சுலபம். கஷ்டமான விஷயம் ஃபோகஸ், பாதிப் பேர் சோர்ந்துபோய் விட்டுவிடுவது இங்கேதான். இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. பழைய லென்ஸ்களில் முடிவிலிக் குறி இருக்கும், அதில் வைத்தால் போதும் என்று நினைப்போம். அந்தக் குறி ஒரு மயிரிழை தள்ளியே இருக்கும், நட்சத்திரத்துக்கு அந்த மயிரிழையே அதிகம். உங்கள் 18-55இல் குறியே கிடையாது. எனவே லைவ் வியூ, அதாவது காட்சியைப் பின்பக்கத் திரையில் காட்டும் முறை, போடுங்கள். வானத்தில் மிகப் பிரகாசமாக உள்ளதைத் திரைக்குள் கொண்டுவாருங்கள்: வியாழன் இருந்தால் வியாழன், இல்லாவிட்டால் வேட்டைக்காரனுக்குத் தென்கிழக்கே இருக்கும் சிரியஸ். பூதக்கண்ணாடிப் பொத்தானை அமுக்கித் திரையைப் பெரிதாக்குங்கள். மேனுவல் ஃபோகஸில் வளையத்தை மெல்லத் திருப்புங்கள். நட்சத்திரம் பெரிய வட்டமாக இருந்து சுருங்கிச் சுருங்கி ஊசிமுனையாகும், அதைத் தாண்டினால் மறுபடி விரியும். இரண்டு பக்கமும் போய் வந்து நடுவில் நிறுத்துங்கள். பிறகு வளையத்தில் ஒரு துண்டு செல்லோ டேப். ஜூமைத் தொட்டால் ஃபோகஸ் கலையும், திரும்பச் செய்ய வேண்டும். ஒரு மாலை முழுக்க இதை மட்டும் பழகுங்கள். படம் எதுவும் எடுக்காமல் இறங்கினாலும் அந்த மாலை வீணில்லை.

ஒரு வருடம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று பழையதாகப் பாருங்கள். உங்கள் கேமராவில் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால் நிக்கானின் பழைய டி வகை லென்ஸ்கள் அதில் தானாக ஃபோகஸ் ஆகாது. நட்சத்திரத்துக்கு எப்படியும் கையால்தானே செய்யப்போகிறோம்! எஃப் 3.5ஐவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஷட்டர் மட்டும் 6 விநாடிக்குள் இருக்க வேண்டும். பெங்களூரில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது, ஒரு வார இறுதிக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நானும் கேமராவைப் பல வருடம் மூடிவைத்திருந்து திரும்பியவன். திரும்பி வருபவர்கள் முதலில் ஓடுவது கடைக்கு. வானம் எங்கே, எப்போது, எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் உங்கள் டி3100ஐ வைத்து எடுக்கும் படத்தை, அது தெரியாத ஒருவர் லட்ச ரூபாய் கேமராவில் எடுக்க முடியாது. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். ஃபிலிம் காலத்தில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்போமே, அதை மறுபடி ஆரம்பியுங்கள். தேதி, மணி, பார்த்த திசை, எந்த நட்சத்திரம் எந்த வீட்டுக்கு மேலே நின்றது. ஒவ்வொரு நட்சத்திரமும் தினம் சுமார் 4 நிமிடம் முன்னதாக உதிக்கும், மாதத்துக்கு 2 மணி நேரம். இது நோட்டில் உங்கள் கையெழுத்திலேயே தெரிய ஆரம்பிக்கும்போது வரும் சந்தோஷம் தனி.

ஒயிட்ஃபீல்டில் 11வது மாடியில் இருக்கிறோம். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பால்வீதியை எடுக்க முடியுமா?
*மென்பொருள் ஊழியர், ஒயிட்ஃபீல்டு*

முடியாது, அம்மா. எந்த கேமராவிலும் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தெரு விளக்கும் கட்டட விளக்கும் தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி வானத்தையே ஒரு வெளிச்சத் திரையாக்கிவிடுகின்றன. பால்வீதியின் ஒளி அந்தத் திரையைவிட மங்கல். முன்பு மஞ்சள் சோடியம் விளக்குகள் இருந்தபோது அந்த ஒரு நிறத்தை வடிகட்டும் ஃபில்டர்கள் ஓரளவு உதவின. வெள்ளை எல்இடி எல்லா நிறத்தையும் கலந்து தருவதால் அவற்றால் இப்போது பெரிய பயனில்லை. அதில் பணம் போடாதீர்கள்.

ஆனால் 11வது மாடி சும்மா இல்லை. கீழ்வானம் தெரிகிறது, பெங்களூரில் அது எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அன்று மாலை மேற்கே கேமராவை வையுங்கள். பிறை மட்டுமல்ல, நிலாவின் இருண்ட பகுதியும் சாம்பல் நிறத்தில் தெரியும். பூமியில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளி நிலாவில் விழுவதுதான் அது. ஐஎஸ்ஓ 400, எஃப் 4, ஒன்றிரண்டு விநாடி. கீழே ஊர் விளக்குகள், மேலே பிறை, வருடத்தில் சில மாதம் பக்கத்தில் வெள்ளியும் இருக்கும். இதைக் காட்டில் போய் எடுக்க முடியாது. இது நகரத்துப் படம்.

முழு நிலாவுக்கு இதே கணக்கைப் போட்டால் வெள்ளைத் தட்டாக வெளிறிவிடும். நிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறை, பகல் நேரத்துக் கணக்கு போட வேண்டும்: எஃப் 11, ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/200. 55 மி.மீ. லென்ஸில் நிலாவின் பிம்பம் சென்சாரில் அரை மில்லிமீட்டர்தான் விழும். பள்ளங்கள் தெரிய 300 மி.மீ.யாவது வேண்டும்.

அடுத்தது நட்சத்திரத் தடங்கள், அதாவது வானம் நகர நகர நட்சத்திரங்கள் இழுக்கும் கோடுகள். நகரத்துக்கு மிகவும் பொருத்தமானது இதுதான். ஐஎஸ்ஓ 200, எஃப் 5.6, 15 விநாடி, இடைவெளியில்லாமல் ஒரு மணி நேரம். 240 படம் வரும். ஷட்டரைப் பூட்டிவைக்கும் கேபிள் ரிலீஸ் எஸ்.பி. ரோட்டுப் பக்கம் விசாரித்தால் மலிவாகக் கிடைக்கும். கேமராவில் நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பு என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே அளவு நேரம் எடுத்துக்கொள்ளும், தடம் அறுந்து அறுந்து வரும். பிறகு ஸ்டார்ஸ்டாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் போட்டால் சேர்த்துக் கொடுத்துவிடும். விமானங்களும் கோடு போட்டிருக்கும். அந்தந்தப் படத்தில் அவற்றைக் கறுப்பாக்கிவிட்டுச் சேர்க்கலாம். நான் அப்படியே விட்டுவிடுவேன்.

இதில் பலரும் எழுதிக் கேட்ட ஒரு சந்தேகம்: வெளிநாட்டுப் படங்களில் துருவ நட்சத்திரத்தைச் சுற்றி வட்ட வட்டமாக வருகிறதே, எங்களுக்கு ஏன் வரவில்லை? நாம் இருப்பது 13வது அட்சரேகையில். துருவ நட்சத்திரம் நமக்கு வட கீழ்வானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதற்குக் கீழே உள்ள வட்டமெல்லாம் பூமிக்குள் போய்விடும், அந்த 13 டிகிரியையும் எதிர் அபார்ட்மென்ட் மறைத்துவிடும். விடுங்கள். கிழக்கே திரும்புங்கள். நம் ஊரில் நட்சத்திரங்கள் ஏறக்குறைய செங்குத்தாக எழும்பும், தடங்கள் மேல்நோக்கிய கோடுகளாக வரும். தெற்கே திரும்பினால் வானவில் போல வளைவுகள் வரும். லண்டன்காரருக்குத் தெரியவே தெரியாத அகத்தியர் (கனோபஸ்) நட்சத்திரம் நமக்குத் தெற்கே 24 டிகிரி உயரம் வரை வருகிறது. தென்திசை நம்முடைய சொத்து, அதை எடுங்கள்.

எந்த மாதம், எந்த நாள் என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது? அதற்கு ஏதாவது ஆப் வாங்க வேண்டுமா?
*கல்லூரி மாணவர், ஸ்ரீராமபுரம்*

ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருள் இலவசம், கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள் தம்பி. திதியும் நட்சத்திரமும் நல்ல நேரம் பார்க்க மட்டும் என்று நினைத்திருப்பீர்கள். இரவு வானம் எடுப்பவருக்கு அதைவிடச் சுருக்கமான அட்டவணை கிடையாது.

திதி என்பது நிலா எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது. வளர்பிறை பஞ்சமி வரை நிலா இரவு 10, 11 மணிக்குள் மறைந்துவிடும், அதற்குப் பிறகு விடியும் வரை இருட்டு உங்களுடையது. தேய்பிறை அஷ்டமி என்றால் நள்ளிரவையொட்டித்தான் நிலா எழும், மாலையிலிருந்து அதுவரை எடுக்கலாம். அமாவாசையன்று இரவு முழுக்க.

நட்சத்திரம் என்று போட்டிருப்பது நிலா அன்று எந்த நட்சத்திரத்தின் பக்கம் இருக்கிறது என்பது. 27 நட்சத்திரம், நிலா ஒரு சுற்று வர 27 நாள் சொச்சம், நாளுக்கு ஒன்று. திருவாதிரை என்று போட்டிருந்தால் அன்று வேட்டைக்காரனை எடுக்கப் போகாதீர்கள், நிலா அங்கேயே நிற்கும். நம் பண்டிகைகளில் பாதி இந்தக் கணக்குத்தான். கார்த்திகை தீபத்தன்று முழு நிலா ஆறுமீன் கூட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும். மாசி மகத்தன்று சிம்மத்தின் மகம் பக்கத்தில், சித்திரா பௌர்ணமியன்று சித்திரை பக்கத்தில். வருடம் முழுக்க ஒவ்வொரு பௌர்ணமியையும் அதன் நட்சத்திரத்தோடு சேர்த்து எடுத்தால் 12 படம் வரும். நட்சத்திரம் நிலா வெளிச்சத்தில் முழுகாமல் இருக்க ஒன்றிரண்டு நாள் முன்பின் எடுக்க வேண்டியிருக்கும். மாணவர் என்பதால் சொல்கிறேன், ஒரு வருட வேலையாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்பிவைத்தால் நான் ஆசையாகப் பார்ப்பேன்.

மாதம் என்று பார்த்தால் பெங்களூருக்கு தை, மாசி, பங்குனி அமாவாசைகள்தான் முதல் தரம். மார்கழியில் அதிகாலை மூடுபனி, முன்னிரவில் எடுக்கலாம். சித்திரை பாதியில் இடிமழை ஆரம்பித்துவிடும். ஆடி அமாவாசைக்கு வானமே தெரியாது. ஐப்பசியில் மழை மேகம், தீபாவளியை ஒட்டிய அமாவாசையில் வெடிப்புகை வேறு.

பால்வீதியின் நடுப்பகுதி, அதாவது படங்களில் தடிமனாகத் தெரியும் அந்தப் பகுதி, விருச்சிகத்துக்கும் தனுசுக்கும் நடுவில் இருக்கிறது. கேட்டை, மூலம் இரண்டும் எழுந்துவிட்டால் அது பின்னாலேயே வரும். மாசியில் அதிகாலை 3 மணிக்கு மேல், சித்திரையில் இரவு 11 மணி வாக்கில் தென்கிழக்கே பாருங்கள். நான் வருடத்துக்கு ஒரே ஓர் இரவுதான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் மாசி சிவராத்திரியைச் சொல்வேன். அமாவாசைக்கு முந்தைய இரவு, நிலா விடியும் தறுவாயில்தான் மெல்லிய கீற்றாக வரும். வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். கிராமத்தில் கோயில் திறந்திருக்கும், ஊரே விழித்திருக்கும், ராத்திரி 3 மணிக்கு டிரைபாடோடு நடந்தால் யாரும் சந்தேகமாகப் பார்க்க மாட்டார்கள். சிவராத்திரிக்குக் கண்விழிக்கும் பாட்டி ஒருவர் அந்த வானத்தில் கேட்டையைக் கைகாட்டிச் சொன்னதிலிருந்துதான் எனக்கு விருச்சிகத்தைக் கண்டுபிடிக்க வந்தது.

வார இறுதியில் எங்கே போவது? நந்தி மலை சரியாக வருமா?
*மூன்று நண்பர்கள், மர்ஃபி டவுன்*

நந்தி மலைக்கு மேலே இரவில் பொதுமக்களை விடமாட்டார்கள். விட்டாலும், தேவனஹள்ளி விமான நிலையத்தின் வெளிச்சமும் பெங்களூரின் வெளிச்சமும் தெற்கே மொத்தமாகத் தெரியும். நமக்கு வேண்டிய திசையே தெற்குதான். எனவே ஒரு விதி: பெங்களூருக்குத் தெற்கே அல்லது தென்கிழக்கே போங்கள், அப்போதுதான் ஊர் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

இந்தத் திசையின் அருமை வானியல் அறிஞர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. வானியல் அறிஞர் வைணு பாப்பு தென்னிந்தியாவில் நல்ல வானம் தேடித் தேர்ந்தெடுத்த இடம் ஜவ்வாது மலையில் காவலூர். பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். 1968இல் அங்கே சிறிய தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது, 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது, இப்போது அதற்கு அவர் பெயர். அதை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நம் கோரமங்களாவில்தான் இருக்கிறது. லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் ஹான்லேயில் இருக்கும் தொலைநோக்கியைக்கூட பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொஸ்கோட்டேயில் உட்கார்ந்து இயக்குகிறார்கள். ஆராய்ச்சிக் கூடத்துக்குப் பக்கத்தில் போய் ஹெட்லைட் அடித்துக்கொண்டு நிற்காதீர்கள், அவர்களுக்கு அது தொந்தரவு. காவலூரைச் சொன்னது அந்த மலைத் தொடரின் இருட்டுக்காக.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். அப்பா அண்டர்கிரவுண்டு வேலை. கோடையில் லைன் வீட்டுக்கு வெளியே கட்டில் போட்டுப் படுப்போம், பால்வீதி கூரைக்கு மேலே போகும். எங்கள் சுரங்கத்துக்கு வானத்தோடு இன்னொரு உறவும் உண்டு. 1965இல் 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், விண்ணிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களை அங்கேதான் பதிவு செய்தார்கள். 2001இல் சுரங்கம் மூடியாயிற்று. இப்போதும் மாரிக்குப்பம் ரயிலில் தினம் பெங்களூருக்கு வேலைக்கு வருபவர்கள் ஏராளம். அவர்களில் யாராவது உங்கள் நண்பர் என்றால் ஒரு சனிக்கிழமை அவர் வீட்டில் தங்கிப் பாருங்கள். என் சிறுவயது வானம் இல்லை, ஆனால் பெங்களூரைவிடப் பல மடங்கு மேல். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண்ணான சயனைடு மேடுகளில் மட்டும் ஏற வேண்டாம், அந்தத் தூசி நல்லதில்லை.

உண்மையில் எல்லோருக்கும் நான் சொல்லும் இடம் உங்கள் சொந்த ஊர்தான். திருப்பத்தூர், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேர் இல்லாத பெங்களூர்த் தமிழர் குறைவு. பொங்கலுக்குப் போகிறீர்கள், தை அமாவாசைக்கும் ஒரு நடை போய்வாருங்கள். தாத்தா வீட்டு மாடி, தெரிந்த மனிதர்கள், பக்கத்தில் வயல். இதைவிடப் பாதுகாப்பான இடம் எதுவும் இல்லை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் காட்டோரம் அழகாக இருக்கும், ஆனால் யானை நடமாட்டம் உள்ள இடம். இரவில் கண்டிப்பாக வேண்டாம். புது இடம் எதுவானாலும் பகலிலேயே போய்ப் பாருங்கள், டீக்கடையில் விஷயத்தைச் சொல்லிவையுங்கள், தனியாகப் போகாதீர்கள்.

கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். ஒரு முறை செல்போன் திரையைப் பார்த்தால் முதலிலிருந்து ஆரம்பம். டார்ச் முகப்பில் சிவப்பு ஜெலாட்டின் தாள் கட்டிக்கொள்ளுங்கள்.

செல்போனில் எடுக்கலாமா?
*இல்லத்தரசி, அல்சூர்*

தாராளமாக. நைட் மோடு அல்லது புரோ மோடு இருந்தால் போனை எதிலாவது அசையாமல் சாய்த்துவைத்து எடுங்கள். 2019இல் வந்த பிக்சல் 4 போனிலேயே வானத்துக்கென்று தனி முறை இருந்தது. 16 விநாடிக்கு ஒன்றாக 15 படம் வரை எடுத்து அதுவே சேர்த்துவிடும். அதே வேலையை கேமராக்காரர்கள் சீக்வேட்டர் என்ற இலவச மென்பொருளில் கையால் செய்கிறோம். 16 படத்தைச் சேர்த்தால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும்.

அல்சூர் ஏரிக்கு மேலே பால்வீதி ஜொலிப்பது போல ஒரு படம் பார்த்தேன். என் படங்கள் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லாமல் தெரிகின்றன. விட்டுவிடலாமா என்றிருக்கிறது.
*பள்ளி ஆசிரியை, ஜீவன்பீமா நகர்*

விடாதீர்கள் அம்மா. அந்தப் படத்தை நானும் பார்த்தேன். அது வேறொரு ஊரில் எடுத்த வானத்தை ஏரிப் படத்தின் மேல் ஒட்டியது. எப்படிச் சொல்கிறேன் என்றால், தண்ணீரில் கட்டட விளக்குகள் அத்தனை பிரகாசமாக விழுகின்றன, அந்த வெளிச்சத்தில் பால்வீதி தெரிய வழியே இல்லை. கரையை வைத்துப் பார்த்தால் கேமரா வடக்கு நோக்கி இருக்கிறது. விருச்சிகமும் தனுசும் நமக்கு வடக்கே வருவதே இல்லை.

பல படங்களைச் சேர்ப்பதிலோ, ரா ஃபைலில் வெளிச்சத்தைக் கூட்டுவதிலோ எனக்கு ஆட்சேபம் கிடையாது. அன்று அந்த இடத்துக்கு மேலே இருந்த ஒளியைத்தான் அவை கூட்டிச் சேர்க்கின்றன. இல்லாத வானத்தைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டு அதைச் சொல்லாமல் விடுவது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். படம் எடுக்கப் புதிதாக வரும் ஒருவரின் நம்பிக்கையை அது உடைக்கிறது, உங்கள் கடிதமே சாட்சி. நீங்கள் அனுப்பியிருந்த படத்தில் ஆறுமீன் கூட்டம் ஆறும் தனித்தனியாகத் தெரிகிறது. ஜீவன்பீமா நகர் மாடியிலிருந்து, 8 விநாடியில். ஃபோகஸ் துல்லியம். அதை அடுத்த இதழில் வெளியிட அனுமதி கொடுங்கள்.

விண்கல் மழை எடுக்க எது நல்ல நாள்?
*கல்லூரி மாணவி, பாணஸ்வாடி*

டிசம்பர் 13, 14 இரவுகளில் வரும் ஜெமினிட்ஸ். மற்ற பெரிய விண்கல் மழைகள் பெரும்பாலும் வால்மீன் விட்டுச்சென்ற தூசி, இதற்கு மூலம் ஃபேத்தான் என்ற சிறுகோள். மிதுன ராசியில் புனர்பூசத்துப் பக்கமிருந்து சிதறுவது போலத் தெரியும். இரவு 10 மணிக்கு மேல் மிதுனம் நன்றாக ஏறிவிடும், விடியும் வரை இருக்கும். ஒரு விண்கல்லைப் பார்த்துவிட்டு ஷட்டரை அமுக்க நேரம் இருக்காது. அகலமான லென்ஸ், 15 விநாடி, தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருங்கள். நீங்கள் பாயில் படுத்து வெறும் கண்ணால் பாருங்கள். நிலா எப்போது மறைகிறது என்று காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் படமெல்லாம் பால் ஊற்றியது போல வெளுத்திருக்கிறது. கேமரா பழுதா?
*ஆட்டோ ஓட்டுநர், கே.ஆர். புரம்*

பழுது இல்லை, பனி. லென்ஸ் முன்கண்ணாடி வெளிக்காற்றைவிடக் குளிர்ந்து, அதில் ஈரம் படிந்திருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் பெங்களூரில் இது எல்லோருக்கும் நடக்கும். துணியால் துடைத்தால் மறுபடி படியும், கோடும் விழும். லென்ஸைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக வைத்திருப்பதுதான் வழி. மருந்துக்கடையில் ஒத்தடம் கொடுக்கும் சிறிய ஹாட் பேக் கிடைக்கும். அதைக் கைக்குட்டையில் சுற்றி லென்ஸைச் சுற்றி ரப்பர் பேண்டால் கட்டுங்கள், ஃபோகஸ் வளையத்தை மட்டும் தொடாமல். லென்ஸ் ஹுட் போட்டால் இன்னும் தாமதமாகும். வீட்டுக்குள் கொண்டுவருமுன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள், அரை மணி கழித்துத் திறக்கலாம். ஈரம் பைக்கு வெளியே படியும், கேமராவில் படியாது.